பாலைவன டிசைன், பட்டிப்பொல ஈரம்: கேம்பர் ட்ரெய்லரும் இரண்டு நாய்களும்

கொட்டகலையில் இருக்கும் மச்சான் போன கிழமை போன் எடுத்தான். "உங்க கேம்பர் மாதிரியே ஒன்னு மலிவா வருது மச்சான், எடுக்கட்டா?" அந்தக் கேம்பரின் அழுகிப்போன அடிப்பலகையை மாற்றிய காசை கராஜில் எண்ணிக் கொடுத்துவிட்டு நான் வீட்டுக்கு வந்த நேரம் அது. என் பதிலில் சூடு கொஞ்சம் கூடியிருந்தால் அதுதான் காரணம்.

வாகன இறக்குமதியை நிறுத்தியிருந்த 2021இல், வெல்டிங் பாஸ் ஒருவரிடம் சொல்லிச் செய்வித்தது இந்தக் கேம்பர், ஜீப்பின் பின்னால் கட்டி இழுத்துப் போகும் சின்னப் படுக்கைப் பெட்டி. இரண்டு பேர் படுக்கலாம், பின்மூடியைத் தூக்கினால் அடுப்பு. டிசைன் என்னுடையதுதான், பாஸைக் குறை சொல்ல முடியாது. ஆஸ்திரேலியப் பாலைவனத்தில் நாய்களோடு ஊர் சுற்றுகிறவர்களின் வீடியோக்களை ராத்திரி ராத்திரியாகப் பார்த்துக் கீறிக் கொடுத்தேன். அவர்களுக்குத் தூசுதான் எதிரி. அதனால் கதவு, ஜன்னல், பின்மூடி எல்லாவற்றுக்கும் இரட்டை ரப்பர். காற்றுப் போக ஒரு ஓட்டைகூட இல்லை. சுவர் அலுமினியத் தகடு, உள்ளே மெல்லிய ப்ளைவுட், கூரையில் அதுவும் கிடையாது, வெறும் தகடு. 2022இல் பெட்ரோலுக்கு வரிசையில் நின்ற மாதங்களில் அதுவும் கொட்டிலில் சும்மா நின்றது. பிறகுதான் ஒழுங்காக ஓடத் தொடங்கியது.

முதல் பெரிய பயணம் பட்டிப்பொல. இலங்கையிலேயே உயரமான ரயில் நிலையம் இருக்கும் இடம், 6,200 அடிக்கு மேல். ஜனவரி மாதம். நுவரெலியாப் பக்கம் துகள் உறைபனி விழுகிறது என்று செய்தியில் சொல்லும் நாட்கள். ஹோர்ட்டன் சமவெளிக்குள் நாய்களை விடமாட்டார்கள் என்பதால், தெரிந்தவர் ஒருவரின் மரக்கறித் தோட்டத்து ஓரத்தில் நிறுத்தினோம். நாய்களை வெளியே கட்டிப் படுக்கவைக்கிற பேச்சே இல்லை. மலையில் சிறுத்தை நாயைத் தூக்குவது எல்லாருக்கும் தெரிந்த கதை. ஆக நான், மனைவி, டைகர், சுப்பி, நாலு பேரும் உள்ளே.

விடிய நாலு மணி இருக்கும். கூரைத் தகட்டில் ஒவ்வொரு ரிவெட் தலையிலும் ஒரு துளி, வரிசை பிடித்து நின்றது. டோர்ச் அடித்துப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன், ஒரு துளி பெருத்து, நீண்டு, சரியாக டைகரின் மூக்கில் விழுந்தது. அது தும்மிவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தது பாருங்கள், வாடகைக்கு இருக்கிறவன் வீட்டுக்காரனைப் பார்க்கிற பார்வை.

மழை ஒழுகவில்லை. ஒழுகியிருந்தால் சிலிக்கன் பூசி முடித்திருப்பேன். இது எங்கள் மூச்சு. ராத்திரி முழுக்க ஓர் ஆள் மூச்சிலும் தோலிலும் ஒரு தேத்தண்ணிக் கோப்பை அளவு நீரையாவது வெளியே விடுகிறான். நாய்கள் தங்கள் பங்குக்கு விடும், அதோடு பனிப் புல்லில் புரண்ட ஈர மயிர் வேறு. வெளியே குளிர், தகடும் குளிர், உள்ளே உள்ள ஆவி அதில் பட்டுத் தண்ணீராகிறது. பாலைவனத்தில் ஜன்னலைக் கொஞ்சம் திறந்தால் வறண்ட காற்று வந்து காயவைத்துவிடும். பட்டிப்பொலையில் திறந்தால் மூடுபனிதான் உள்ளே வருகிறது.

அடுத்த வருடம் கீழே ஒன்று, மேலே ஒன்று எனக் காற்றுத் துளை வெட்டி வலை அடித்தேன். கூரைக்கு ஃபோம் ஒட்டினேன். பாதி குறைந்தது. மீதிப் பாதி கண்ணுக்குத் தெரியாமல் ப்ளைவுட்டுக்குப் பின்னால் வழிந்து அடிப்பலகையில் இறங்கியிருக்கிறது. கம்பளியில் பூஞ்சணம், மெத்தையில் பூஞ்சணம். ஈரநாய் வாசம் பற்றி எழுதவே வேண்டாம்.

சரி, நியாயமாகவும் பேச வேண்டும். போன ஆகஸ்டில் ஹப்புத்தளையில் இரண்டு நாள் நின்றோம். ஊவாப் பக்கம் கச்சான் காற்று வறண்டு அடிக்கிற காலம், தேயிலைக்கு நல்ல வாசம் வரும் என்று தொழிற்சாலைக்காரர்கள் சந்தோஷப்படுகிற காலமும் அதுதான். காலையில் கூரையைத் தடவிப் பார்த்தேன், கை நனையவில்லை. அங்கிருந்து பெரகல, கொஸ்லந்தை வழியாக வெல்லவாயவுக்கு இறங்கினோம். நாலாயிரம் அடிக்குக் கிட்ட இறக்கம். ட்ரெய்லருக்குத் தனி பிரேக் இல்லை, ஜீப்பை இரண்டாம் கியரைவிட்டு ஏற்றவே இல்லை. தியலும நீர்வீழ்ச்சிக்கு வரும்போதே நாய்கள் நாக்கைத் தொங்கப் போட்டுவிட்டன.

இலங்கையில் பாலைவனம் கிடையாது. ஹம்பாந்தோட்டைப் பக்கத்து முட்புதரும் உப்பளமும்தான் அதற்குக் கிட்ட வருவது. யாலவுக்குள்ளும் புந்தலவுக்குள்ளும் நாயோடு போக முடியாது, அதனால் திஸ்ஸமகாராமைக்கு அப்பால் நண்பர் ஒருவரின் தென்னங்காணி. கிரிந்தைப் பக்கம் போய்வந்த செம்மண் பாதையில் ஜீப்புக்குள் தூசு, என் காதுக்குள் தூசு. சாயங்காலம் ட்ரெய்லர் கதவைத் திறந்தேன். படுக்கை விரிப்பு கடையில் வாங்கிய மாதிரி வெள்ளையாக இருந்தது. நான் திட்டித் தீர்த்த அதே இரட்டை ரப்பர்! அன்றைக்கு ஜன்னலைத் திறந்து, கடல் காற்றில், நாய்கள் காலில் படுத்திருக்க, இதைப்போல ஒரு தூக்கம் வீட்டிலும் தூங்கியதில்லை. பகலில் மட்டும் கவனம்: வெயிலில் சாத்திய பெட்டிக்குள் நாயை ஐந்து நிமிடம்கூட விடக்கூடாது, அடுப்பு மாதிரி ஆகிவிடும்.

ஆக, சாமான் நல்ல சாமான். சேஸியில் ஒரு வெடிப்பு இல்லை, சில்லு பெயரிங் இன்னும் முதல் போட்டதுதான், வளைவுகளில் ஜீப்பின் பின்னால் கன்றுக்குட்டி மாதிரி வரும். மச்சானுக்கு நான் சொன்னது: எடுக்காதே. நீ ஹம்பாந்தோட்டைக்கு வருடத்தில் எத்தனை தடவை போவாய்? அந்தக் காசுக்கு நல்ல கூடாரம் வாங்கு, நனைந்தால் கொடியில் போட்டுக் காயவைக்கலாம். "அப்ப நீங்க ஏன் விக்காம வச்சிருக்கீங்க?" என்றான். சிக்னல் சரியில்லை என்று சொல்லிவிட்டேன்.

புதுப் பலகையோடு இப்போது கொட்டிலில் நிற்கிறது. நேற்று நல்ல மழை. நாய்கள் இரண்டும் அதற்கு அடியில், இரண்டு சில்லுகளுக்கும் நடுவே போய்ச் சுருண்டுகொண்டன. கதவைத் திறந்து கூப்பிட்டுப் பார்த்தேன். சுப்பி வாலை மட்டும் ஆட்டியது. டைகர் அதுவும் செய்யவில்லை.