பழைய சின்த், கேம் கன்சோல் ஒலிகள் சாம்ப்ளரில்: சில வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

பழைய சின்தசைசர், கேம் கன்சோல் ஒலிகளைச் சாம்ப்ளர் (பதிந்த ஒலியைக் கீபோர்டில் வெவ்வேறு சுருதியில் வாசிக்கும் கருவி) வாத்தியங்களாக வைத்துக்கொண்டு இசையமைத்துச் சில வருடங்கள் ஆகிவிட்டன. காசு கொடுத்து வாங்கிய தொகுப்புகளும் உண்டு, நானே பதிவு செய்து எஸ்எஃப்இசட் ஃபைலாக (எந்தப் பதிவு எந்தக் கீயில் ஒலிக்கவேண்டும் என்று சாம்ப்ளருக்குச் சொல்லும் ஃபைல்) எழுதியவையும் உண்டு. ஆசையாகச் சேர்த்ததில் பாதியை இப்போது திறப்பதே இல்லை. பதிவின் தரத்தைவிட, அந்த மெஷின் நடந்துகொள்ளும் விதத்தைச் சாம்ப்ளரில் எவ்வளவு கொண்டுவந்தோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

அதிகம் கைகொடுப்பது நின்டெண்டோவின் ஃபேமிகாம். 1983இல் வந்த அந்த கன்சோலில் இரண்டு பல்ஸ் (சதுர வடிவ அலை) சேனல், ஒரு டிரையாங்கிள் (முக்கோண அலை), ஒரு நாய்ஸ் (இரைச்சல்), குறைந்த தரத்தில் சாம்பிள் (பதிந்த ஒலித்துண்டு) வாசிக்கும் இன்னொரு சேனல், அவ்வளவுதான். பல்ஸுக்கு நான்கு அகலங்கள், அதாவது ஒரு சுற்றில் அலை மேலே நிற்கும் பங்கு. அதிலும் 25 சதவீதமும் 75 சதவீதமும் காதுக்கு ஒன்றுதான். அலைவடிவம் மாறாமல் ஓடுவதால் குட்டி லூப் (திரும்பத் திரும்ப ஓடும் துண்டு) போதும். ஆனால் லூப்பை எங்கே வெட்டுகிறோம் என்பது முக்கியம். 440 ஹெர்ட்ஸ் ஸ்வரத்தை நொடிக்கு 44,100 சாம்பிள் (இங்கே, ஒலியின் ஒரு அளவீட்டுப் புள்ளி) வீதத்தில் பதிந்தால் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 100.23 சாம்பிள் வரும். நூறில் வெட்டினால் அது 441 ஹெர்ட்ஸாகிவிடும். சுத்தமான 440உடன் சேர்த்து வாசித்தால் நொடிக்கு ஒரு முறை அலையடிக்கும். 22 சுற்றுகள் எடுத்தால் கச்சிதமாக 2,205 சாம்பிள்.

டிரையாங்கிளில் ஒரு சூட்சுமம். அந்த அலை 32 படிகளால் ஆனது. கீழ் ஸ்வரங்களில் கேட்கும் மெல்லிய கரகரப்பு அந்தப் படிகளிலிருந்து வருவது. மேல் ஸ்தாயியில் ஒரே ஒரு ஸ்வரத்தைப் பதிந்து கீழே இறக்கினால் கரகரப்பு காணாமல் போகும், ஏனென்றால் அது பதிவுக்குள்ளேயே வந்திருக்காது. அதனால் கீழ் ஸ்தாயியைத் தனியாகப் பதியவேண்டும். அந்தச் சேனலுக்கு வால்யூம் கட்டுப்பாடும் கிடையாது, ஆகவே வெலாசிட்டியை (கீயை அழுத்தும் வேகத்துக்கேற்ப ஒலி மாறுவது) அணைத்துவிடுங்கள். நாய்ஸுக்கு 16 வேகங்கள்தான். கீபோர்டு முழுக்க இழுத்துப் பரப்பாமல் 16 கீகளில் தனித்தனியாக வைத்தேன். டிரம்ஸ் உடனே அந்தக் காலத்து கேம் மாதிரி ஒலித்தது.

சூப்பர் ஃபேமிகாம் தானே ஒரு சாம்ப்ளர். 64 கிலோபைட் ஆடியோ மெமரி, ஒரே நேரத்தில் எட்டுக் குரல்கள். உள்ளிருக்கும் சாம்பிளை மட்டும் எடுத்து வாசித்தால் நினைவில் இருப்பதைவிடப் பளிச்சென்று இருக்கும். கன்சோலின் ஒலி சிப் சுருதி மாற்றும்போது மேல் அதிர்வெண்களை மழுக்கிவிடுவதுதான் காரணம். கன்சோலின் அவுட்புட்டிலிருந்து பதிவதே நல்லது.

எஃப்எம் வகைதான் (ஒரு அலையால் இன்னொரு அலையை ஆட்டி ஒலி உண்டாக்கும் முறை) ஏமாற்றம். செகாவின் மெகா டிரைவ் கன்சோலில் இருக்கும் ஆறு சேனல் சிப், யமஹா டிஎக்ஸ்7 சின்தசைசர் இரண்டிலும் மாடுலேட்டரின் (அப்படி ஆட்டும் அலையின்) அளவு மாறினால் வால்யூம் அல்ல, நாதமே மாறுகிறது. டிஎக்ஸ்7இன் எலக்ட்ரிக் பியானோவை மூன்று கீக்கு ஒன்று, நான்கு வெலாசிட்டி அடுக்கு என்று பதிந்தும், அடுக்கு மாறும் இடம் விரலுக்குத் தெரிந்துவிடுகிறது. இலவசமாகக் கிடைக்கும் டெக்ஸெட் என்ற டிஎக்ஸ்7 மென்பொருள் இதைச் சுலபமாகச் செய்கிறது. எஃப்எம் சாம்பிள்களை அழித்துவிட்டேன், வருத்தமே இல்லை.

அனலாக் சின்தில் கதை வேறு. மினிமூக் சின்தின் மூன்று ஆசிலேட்டர்களும் (அலையை உண்டாக்கும் பகுதிகள்) ஒவ்வொரு அழுத்தத்திலும் வேறு வேறு நிலையில் சந்திக்கும். ஒரே சாம்பிளைத் திரும்பத் திரும்ப அடித்தால் பேஸ் லைன் தையல் மெஷின் போல ஆகிவிடும். ஒரே ஸ்வரத்தை நான்கு முறை பதிந்து மாறி மாறி வரச் செய்தால் சரியாகிறது. ஃபில்டரை (ஒலியின் பளிச்சைக் கூட்டிக் குறைக்கும் பகுதி) வாசிக்கும்போதே திருப்புகிற சுகம் மட்டும் எந்தச் சாம்பிளிலும் வராது.

ரோலண்ட் ஜூனோ-106 சின்தின் பேட் ஒலிகள் (நீண்டு நிற்கும் மென்மையான ஒலிகள்) நன்றாகவே தங்கிவிட்டன, ஒரு நிபந்தனையோடு: கோரஸை (ஒரே ஒலியைப் பல குரல் போலத் தடிப்பாக்கும் எஃபெக்ட்) அணைத்துவிட்டுப் பதிய வேண்டும். நான் வாங்கிய ஒரு தொகுப்பில் கோரஸோடே பதிந்திருந்தார்கள். நான்கு ஸ்வரங்களை ஒன்றாகப் பிடித்தால் நான்கு கோரஸ் தனித்தனியாகச் சுழலும், கூடவே நான்கு பங்கு இரைச்சல். வைப்ரேட்டோவுக்கும் (சுருதியின் நடுக்கம்) இதே கதி. மேல் ஸ்வரத்துக்குப் போகப் போக அது வேகமெடுத்துச் சிரிப்பு மூட்டும். இரண்டையும் சாம்ப்ளரிலேயே பிறகு சேர்த்துக்கொள்ளலாம், வேகமும் கையில் இருக்கும்.