சிப்பிப்பாறைக்கு வீட்டில் தைத்த ஹார்னஸ்: மூன்று கோடை தாண்டிய பிறகு

சிப்பிப்பாறை நாய் வளர்ப்பவர்களுக்கு இந்தத் தொல்லை தெரிந்திருக்கும். கழுத்தும் தலையும் கிட்டத்தட்ட ஒரே சுற்றளவு. சாதாரணக் கழுத்துப்பட்டையைப் போட்டு அழைத்துப் போனால், நாய் தலையைக் குனிந்து பின்னால் ஒரு எட்டு வைத்ததும் பட்டை கழன்றுவிடும். இறுக்கிக் கட்டினால் கழுத்து நெரியும். கழுத்தோடு நெஞ்சையும் சுற்றிக் கட்டுகிற பட்டைதான் ஹார்னஸ். கடை ஹார்னஸ்கள் பெரும்பாலும் லாப்ரடார், பக் மாதிரியான உடம்பை மனதில் வைத்து வெட்டியவை. எங்கள் மயிலிக்கு நெஞ்சுக்கூடு ஆழம், இடுப்பு ஒரு பிடி. நெஞ்சுக்குப் பார்த்து வாங்கினால் கழுத்தில் தொளதொளவென்று நிற்கும். கழுத்துக்குப் பார்த்தால் நெஞ்சில் பூட்டு எட்டாது. 2020-ல் ராஜபாளையம், சிப்பிப்பாறை, முதோல் மூன்றையும் தேசிய கால்நடை மரபணு வளப் பணியகம் தனி இனங்களாகப் பதிவு செய்தது. ஆனாலும் அந்த உடம்புக்கென்று தைத்த ஹார்னஸை மதுரைக் கடைகளில் நான் இதுவரை பார்க்கவில்லை. அதனால்தான் வீட்டு மிஷினில் நானே உட்கார்ந்தேன்.

அளவு எடுப்பதுதான் இதில் முக்கியமான வேலை. கழுத்தின் அடிப்பகுதி, அதாவது தோள் தொடங்கும் இடத்துச் சுற்றளவு ஒன்று. முன்னங்கால் அக்குளிலிருந்து நாலு விரல் தள்ளி நெஞ்சுச் சுற்றளவு ஒன்று. நெஞ்செலும்பு வழியாக இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள நீளம் ஒன்று. பட்டைக்கும் உடம்புக்கும் இடையில் இரண்டு விரல் நுழைய வேண்டும். முன்பக்கம் தோளுக்குக் குறுக்கே நேராக ஓடும் பட்டை வேண்டாம். கால் வீச்சைத் தடுக்கும். கழுத்தின் இரு பக்கமும் இறங்கி நெஞ்செலும்பில் ஒன்றுசேர்ந்து, கால்களுக்கு நடுவே பின்னோக்கிப் போகிற அமைப்புதான் ஓடுகிற நாய்க்குச் சரி.

அப்புறம் அந்த மூன்றாவது பட்டை. கழுத்துக்கு ஒன்று, நெஞ்சுக்கு ஒன்று, விலா முடிந்து வயிறு உள்வாங்கும் இடத்தில் இன்னொன்று. நெஞ்சு ஆழமான நாய் பின்னால் நகர்ந்து கழற்றப் பார்க்கும்போது, இந்த மூன்றாவது பட்டை நெஞ்சுக்கூட்டின் பெரிய சுற்றளவைத் தாண்ட முடியாமல் நின்றுவிடும். இந்த ஒரு பட்டைக்காகவே வீட்டில் தைக்கலாம் என்பேன்.

சாமான்கள் எல்லாமே பக்கத்திலேயே கிடைத்தன. மேல்துணிக்குப் பழைய ஜீன்ஸ், உள்பக்கத்துக்கு நைந்து மெத்தென்று ஆன அப்பாவின் வேட்டி, பட்டைக்கு ஒரு இஞ்ச் அகல நைலான் நாடா. நாடா, பூட்டு, வளையம் மூன்றையும் பை ரிப்பேர் பார்க்கும் கடையில் வாங்கினேன். வளையம் மட்டும் பற்றவைத்து மூடியதாக இருக்க வேண்டும். கம்பியை வளைத்து விட்டிருந்தால் நாய் பாயும்போது வாய் திறந்துகொள்ளும். நாடாவை வெட்டியதும் நுனியை மெழுகுவர்த்திச் சுடரில் காட்டிவிட்டால் பிரியாது. மொத்தச் செலவு இருநூறு ரூபாய்க்குள் அடங்கியது.

நூல் வாங்கக் குன்னத்தூர் சத்திரம் போயிருந்தேன். மீனாட்சியம்மன் கோயில் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே புதுமண்டபத்தில் வரிசையாக மிஷின் போட்டிருந்த தையல்காரர்களும் கடைக்காரர்களும் இப்போது அங்கேதான் இருக்கிறார்கள். அங்கே ஒரு பெரியவர் நான் கொண்டுபோன மாதிரியைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “இழுவை விழுற எடத்துல ஒத்தத் தையல் நிக்காதும்மா. சதுரமா ஓட்டி, நடுவுல குறுக்க ரெண்டு ஓட்டு. பருத்தி நூல் வேணாம், நனைஞ்சு காய்ஞ்சா இத்துப்போகும், பாலியஸ்டர் போடு” என்றார். அவர் சொன்னபடி தைத்த சேர்க்கைகள் இன்றுவரை ஒரு இழைகூட விடவில்லை. ஜீன்ஸுக்குப் பதினாறாம் நம்பர் ஊசி போதும். நாடாவும் மடிப்பும் சேர்ந்து நாலைந்து அடுக்காகிற இடத்தில் மட்டும் பெடலை மிதிக்காமல் சக்கரத்தைக் கையால் சுற்றிக்கொண்டேன்.

சரி, இதைப் போட்டுக்கொண்டு எங்கே போகிறோம்? நாகமலை புதுக்கோட்டையில் வீடு என்பதால் ஞாயிறு காலை பெரும்பாலும் கீழக்குயில்குடிதான். சமணர் மலை அடிவாரத்தில் தாமரைக்குளம், ஆலமரம், அய்யனார் கோயில். வெயில் ஏறுவதற்குள் நடந்து திரும்பிவிடலாம். மலைமேல் செட்டிப்புடவும் பேச்சிப்பள்ளமும் தொல்லியல் துறைப் பாதுகாப்பில் உள்ள இடங்கள். ஆயிரம் ஆண்டு பழைய தீர்த்தங்கரர் சிற்பங்களும் வட்டெழுத்தும் இருக்கிற பாறைக்கு நாயைக் கூட்டிப் போவது முறையில்லை. நான் ஏறும்போது தங்கை மயிலியோடு கீழே மரத்தடியில் இருப்பாள், அவள் ஏறும்போது நான்.

இந்த ஹார்னஸுக்கு உண்மையான பரீட்சை அங்கேதான் நடக்கும். புதருக்குள்ளிருந்து மயில் ஒன்று கிளம்பினால் போதும், மயிலி ஒரே தாவாகத் தாவுவாள். பார்வையால் இரையைப் பிடித்து விரட்டுகிற இனம் அது, அவளைக் குறை சொல்ல முடியாது. கழுத்துப்பட்டையாக இருந்தால் அந்த இழுப்பு முழுவதும் தொண்டையில் விழும். இதில் நெஞ்செலும்பு வாங்கிக்கொள்கிறது. இருமல் இல்லை, கண் பிதுங்குவதில்லை. ஒருமுறைகூட இதிலிருந்து அவள் கழன்று ஓடியதில்லை. அதனால் வெளியே போகும் நாட்களின் நடையே மாறிவிட்டது. முன்பெல்லாம் லீஷைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டு, சுற்றிலும் என்ன அசைகிறது என்று பார்த்தபடியே நடப்போம். இப்போது குளத்தையும் மலையையும் நிதானமாகப் பார்த்துக்கொண்டு போக முடிகிறது.

சனிக்கிழமை சாயந்தரம் சில நேரம் தங்கையின் காரில் வண்டியூர் தெப்பக்குளம். சுற்றிலும் தின்பண்டக் கடைகள், குழந்தைகள், பைக்குகள். கூட்டத்தில் உதவியது நான் முதுகில் தைத்த கைப்பிடி. நாடாவை இரட்டையாக மடித்து, இரு முனையிலும் அதே சதுரத் தையல். சின்னப் பிள்ளை ஒன்று ஓடி வந்தால் லீஷைச் சுருட்டிக்கொண்டிருக்க வேண்டாம், கைப்பிடியைப் பிடித்துப் பக்கத்தில் நிறுத்திவிடலாம். அரிட்டாபட்டிக்கு மட்டும் இவளை அழைத்துப் போவதில்லை. 2022-ல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்த இடம். வல்லூறுகளும் கழுகுகளும் கூடு வைக்கிற பாறைகள். எவ்வளவு நல்ல ஹார்னஸ் போட்டிருந்தாலும் அங்கே வேட்டை நாய்க்கு வேலை இல்லை.

இத்தனை நாள் பயன்படுத்தியதில் குறையாகத் தெரிந்தவற்றையும் சொல்ல வேண்டும். ஜீன்ஸ் துணி வெயிலுக்குக் கனம், மழைக்கு அதைவிடக் கனம். ஐப்பசி கார்த்திகையில் ஒருமுறை நனைந்தால் காய இரண்டு நாள் ஆகும், வாடை வேறு. வயிற்றுப் பட்டையில் போட்டிருந்த வெல்க்ரோவில் நாயுருவி விதையும் மயிலியின் முடியும் அடைந்து பிடிப்பே போய்விட்டது; அதைப் பிரித்துவிட்டுப் பூட்டு வைத்தேன். நைலான் நாடாவின் ஓரம் மெல்லிய தோலை அறுக்கும். குட்டை முடி நாய்க்கு அக்குளில் முடி உதிர்ந்து சிவந்தால் அதுதான் காரணம். வேட்டித் துணியை நாடா ஓரத்தைச் சுற்றி மடித்துத் தைத்த பிறகு அந்தச் சிவப்பு வரவில்லை. மடிப்புகளுக்குள் உண்ணி ஒளிந்துகொள்ளும், அதனால் வாரம் தவறாமல் சுடுதண்ணீரில் அலசி உள்பக்கம் வெளியே தெரியும்படி வெயிலில் போடுவேன்.

கோடைக்கு இதோடு சேர்த்து இன்னொன்றும் தைத்தேன். அம்மாவின் கிழிந்த சுங்குடிச் சேலையில் முக்கோணமாக ஒரு கழுத்துத் துண்டு. சுங்குடி மெல்லிய பருத்தி. நனைத்துப் பிழிந்து கட்டினால் நடக்கும்போது காற்றுப் பட்டுக் கழுத்தைக் குளிர்ச்சியாக வைக்கும். காய்ந்ததும் மறுபடி நனைக்க வேண்டும். காயாமல் சூடேறிக் கிடந்தால் கழற்றிவிடுவதே நல்லது. புதுச் சுங்குடியாக இருந்தால் சாயம் விடுவது நிற்கும்வரை அலசிவிட்டுத்தான் நாய்க்குக் கட்ட வேண்டும், அவை தம்மையே நக்கிக்கொள்ளும் பிராணிகள். இந்தத் துண்டு இருக்கிறதென்று மதிய வெயிலில் கூட்டிப் போகலாம் என்று நினைக்காதீர்கள். நாய் உடம்புச் சூட்டைத் தணிப்பது முக்கியமாக மூச்சிரைப்பில்தான். புறங்கையைத் தார் ரோட்டில் ஏழு விநாடி வைக்க முடியவில்லை என்றால் அதன் பாதமும் அங்கே படக்கூடாது. சித்திரை, வைகாசியில் ஏழு மணிக்குள் எங்கள் நடை முடிந்துவிடும்.

யாருக்கு இதைச் சொல்வேன்? சிப்பிப்பாறை, கன்னி இனங்கள் மாதிரி ஒல்லியான, ஆழ்ந்த நெஞ்சுள்ள நாய் வைத்திருப்பவர்களுக்குத் தயங்காமல் சொல்வேன். வீட்டில் மிஷினும் நேர்த்தையல் பழக்கமும் இருந்தால் இரண்டு மதியத்தில் முடிந்துவிடும். மிஷின் இல்லாவிட்டால் அளவையும் மாதிரியையும் கொடுத்துப் பை தைப்பவரிடம் தைத்துக்கொள்ளலாம், அவரிடம் கனத் துணிக்கான மிஷினே இருக்கும். லாப்ரடாருக்கோ பக்குக்கோ இவ்வளவு மெனக்கெட வேண்டாம், கடையில் கிடைப்பதே பொருந்தும். கடித்துக் குதறுகிற நாய்க்கு எந்தத் துணி ஹார்னஸும் நிற்காது.

மயிலிக்கு அடுத்ததை இப்போது வெட்டிக்கொண்டிருக்கிறேன். இந்தத் தடவை ஜீன்ஸ் இல்லை, மழைக்குச் சீக்கிரம் காய்கிற பைத்துணி. பட்டையும் பூட்டும் பழையபடியே. குட்டி வைத்திருப்பவர்கள் மட்டும் கொஞ்சம் பொறுங்கள். ஒரு வயது தாண்டும்வரை நெஞ்சு இறங்கிக்கொண்டே இருக்கும். அதுவரை இரு பக்கமும் கூட்டிக் குறைக்கிற கொக்கி வைத்த வெறும் நாடா ஹார்னஸ் போதும். துணி வைத்துத் தைப்பதை வளர்ச்சி நின்ற பிறகு பார்த்துக்கொள்ளலாம்.