ஒன்பது வருடம், ஒரே ஸ்னூக்கர் க்யூ: வாங்கும்போது பார்த்ததும் ஆடும்போது தெரிந்துகொண்டதும்

என் கையில் இருக்கும் க்யூவுக்கு, அதாவது ஸ்னூக்கரில் பந்தை அடிக்கும் கோலுக்கு, இது ஒன்பதாவது வருடம். வாரத்தில் நான்கு நாளாவது இதை வைத்து ஆடுகிறேன். ஆஷ் மரத் தண்டு, கருங்காலிக் கைப்பிடி, முக்கால் ஜாயின்ட் (டிப்பிலிருந்து ஏறக்குறைய முக்கால் நீளத்தில் இரண்டு பாகமாகக் கழலும் இணைப்பு), நீளம் 58 அங்குலம், எடை 18 அவுன்ஸ், டிப் (பந்தைத் தொடும் முனையில் ஒட்டிய தோல்) 9.5 மில்லிமீட்டர். க்யூ என்றதும் எல்லோரும் முதலில் கேட்பது இந்த எண்களைத்தான் என்பதால் முதலிலேயே சொல்லிவிட்டேன். ஆனால் இதே எண்கள் உள்ள இன்னொரு க்யூவை என் கையில் கொடுத்தால், இரண்டு மூன்று ஷாட்டுக்குள் அது என்னுடையது இல்லை என்று கை சொல்லிவிடும். அந்த வித்தியாசம் எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்ள எனக்கு ஒரு க்யூ வீணாகப் போக வேண்டியிருந்தது.

அந்த முதல் க்யூவின் கைப்பிடியில் நான்கைந்து நிறத்தில் மெல்லிய மரத்தகடுகளை வைத்து இழைத்திருந்தார்கள். பார்த்ததுமே மனசு போய்விட்டது. அரை மணி நேரம் அந்தக் கைப்பிடியையே திருப்பித் திருப்பிப் பார்த்தேனே தவிர, தண்டை ஒரு தடவைகூட உற்றுப் பார்க்கவில்லை. ஆறேழு மாதத்தில் தண்டு நடுவில் லேசாகக் கோணிவிட்டது. விற்றவரிடம் கொண்டுபோனேன். ஈரம் பட்டிருக்கும் என்று சொல்லி அனுப்பிவிட்டார். பல வருடமாக ஆடிவரும் ஒரு அண்ணன் அதைக் கையில் வாங்கி, விளக்கு வெளிச்சத்தில் சாய்த்து, தண்டின் நடுவில் நகத்தை வைத்துக் காட்டினார். "இங்க பாரு தம்பி, இந்த ரேகை டிப் வரைக்கும் ஓடணும். இது பாதியிலயே பக்கவாட்டுல வெளிய போகுது. இந்த மரம் எப்படி நேரா நிக்கும்?"

ஆஷ் மரத்தின் ரேகைகள் கண்ணுக்கு நன்றாகத் தெரியும். தண்டின் இரண்டு பக்கங்களில் அவை நீளவாக்கில் கோடுகளாக ஓடும். மற்ற இரண்டு பக்கங்களில் அம்புமுனை போல ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும். அந்தக் கோடுகள் தண்டின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை விலகாமல் போனால் மரம் நார் அறுபடாமல் இழைக்கப்பட்டிருக்கிறது என்று அர்த்தம். அம்புமுனைகள் தண்டின் நடுக்கோட்டில் சமமான இடைவெளியில் அமைந்திருந்தால் இன்னும் நல்லது. அதற்கு ஆடும்போதும் ஒரு பயன் உண்டு. ஒவ்வொரு ஷாட்டுக்கும் அம்புமுனை மேலே தெரியும்படி க்யூவைப் பிடித்தால், மரம் எப்போதும் ஒரே திசையில்தான் வளைந்து கொடுக்கும். நான் குனிவதற்கு முன் கட்டைவிரலால் க்யூவை ஒரு சுற்றுச் சுற்றி அம்புமுனையை மேலே கொண்டுவருவேன். இப்போது அது யோசிக்காமலே நடக்கிறது.

மேப்பிள் தண்டில் ரேகை ஏறக்குறைய தெரியவே தெரியாது, வழவழவென்று இருக்கும். கண்ணுக்குக் கீழே கோடு எதுவும் ஓடக் கூடாது என்பவர்களுக்கு அதுதான் பிடிக்கிறது. எனக்கு ஆஷ். பிரிட்ஜ் வைக்கும் கையில், அதாவது டேபிளில் ஊன்றி க்யூவைத் தாங்கும் கையில், அந்த ரேகையின் மெல்லிய சொரசொரப்பு படுவது எனக்கு வேண்டும். நல்ல ஆஷ் இனிமேல் சுலபமாகக் கிடைக்குமா என்ற கவலையும் இருக்கிறது. வட அமெரிக்காவில் 2002-ல் முதன்முதலாகக் கண்டறியப்பட்ட மரகதப் பச்சை நிற வண்டு ஒன்று அங்கே கோடிக்கணக்கான ஆஷ் மரங்களைக் கொன்றிருக்கிறது.

சரி, தண்டு நேராக இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது? டேபிளின் மேல் உருட்டிப் பார்ப்பதுதான் எல்லோரும் செய்வது. அதை மட்டும் நம்பாதீர்கள். ஸ்னூக்கர் க்யூவின் கைப்பிடி முனையில் பெயர்த்தகடு பதிக்க ஒரு பக்கம் தட்டையாகச் சீவியிருப்பார்கள். கையால் இழைத்த தண்டு முழு வட்டமாகவும் இருக்காது. அதனால் நேரான க்யூகூட உருளும்போது தடதடக்கும். கைப்பிடி முனையைக் கன்னத்தருகே வைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, துப்பாக்கிக் குறி பார்ப்பது போல டிப் வரை பாருங்கள். அப்படியே மெதுவாக ஒரு முழுச் சுற்றுத் திருப்புங்கள். எந்தத் திசையிலும் முனை விலகாமல் இருந்தால் போதும். மயிரிழை வளைவுக்குப் பயந்து நல்ல தண்டை விட்டுவிட வேண்டாம், மரம் என்றால் அவ்வளவு இருக்கத்தான் செய்யும்.

எல்லாவற்றையும் விட முக்கியமானது தண்டின் விறைப்பு. இதைக் கண்ணால் பார்க்க முடியாது, அடித்தால்தான் தெரியும். வெள்ளைப் பந்தின் நடுவில் அடிக்கும்வரை எல்லா க்யூவும் நல்ல க்யூதான். வலது சைடு வைத்து, அதாவது நடுவுக்கு வலப்பக்கம் தள்ளி அடித்தால், வெள்ளை நீங்கள் குறிவைத்த கோட்டை விட்டு இடப்பக்கம் கொஞ்சம் தள்ளிக் கிளம்பும். எவ்வளவு தள்ளும் என்பது க்யூவுக்கு க்யூ மாறும். முனைப்பக்கம் மெலிந்து எடை குறைவாக இருந்தால் தள்ளல் குறையும். முனை தடிமனாகி எடை கூடினால் தள்ளலும் கூடும். தண்டு மிகவும் தளதளவென்று இருந்தால் ஒரே ஷாட் ஒரு தடவை ஒரு மாதிரியும் அடுத்த தடவை வேறு மாதிரியும் வரும். என் முதல் க்யூவில் நான் அனுபவித்தது அதுதான்.

க்யூ வாங்குவதற்கு முன் நான் செய்துபார்க்கும் ஒரு சோதனை இருக்கிறது. பிரவுன் புள்ளி, நீலம், பிங்க், கறுப்பு ஆகிய நான்கு புள்ளிகளும் டேபிளின் நடுக்கோட்டில் ஒரே நேர்க்கோட்டில் இருக்கின்றன அல்லவா? மற்ற பந்துகளை எடுத்துவிட்டு வெள்ளையைப் பிரவுன் புள்ளியில் வையுங்கள். மூன்று புள்ளிகளின் மேலாகவும் நேராக மேல் குஷனுக்குப் போகும்படி குறிவைத்து, க்யூவை அந்தக் கோட்டுக்கு இணையாகவே வைத்துக்கொண்டு, வலது சைடில் கொஞ்சம் வேகமாக அடியுங்கள். வெள்ளை நீலப் புள்ளியை எவ்வளவு இடைவெளியில் தாண்டுகிறது என்று பாருங்கள். பத்துத் தடவை அடியுங்கள். விலகல் கொஞ்சம் அதிகமாக இருந்தாலும் பத்துத் தடவையும் ஒரே அளவாக இருந்தால் அந்தத் தண்டை நம்பலாம். குறியை அதற்கேற்ப மாற்றிக்கொள்ளக் கை தானாகப் பழகிவிடும். இடைவெளி மாறி மாறி வந்தால், முதலில் உங்கள் கை நேராகப் போகிறதா என்று சைடு வைக்காமல் பத்து அடித்துச் சரிபாருங்கள். கையில் குறை இல்லை என்றால் தண்டுதான்.

இந்தக் க்யூவை வாங்கும்போது மூன்று க்யூக்களை வைத்து இதைச் செய்தேன். மூன்றில் கைப்பிடி மிகச் சாதாரணமாக இருந்ததைத்தான் நான் எடுத்தேன்.

எடை பற்றி நிறையப் பேசுகிறார்கள். பெரும்பாலோர் ஆடுவது 17-லிருந்து 19 அவுன்ஸுக்குள், அதாவது ஏறக்குறைய 480 கிராமிலிருந்து 540 கிராம் வரை. அரை அவுன்ஸ் கூடக்குறைய இருந்தால் ஒரு வாரத்தில் மறந்துவிடும். அந்த எடை எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதுதான் மறக்காது. க்யூவை ஒற்றை விரலில் படுக்கவைத்து, அது சாயாமல் நிற்கும் இடத்தைக் கண்டுபிடியுங்கள். கைப்பிடி முனையிலிருந்து 16-லிருந்து 18 அங்குலத்துக்குள் அந்த இடம் வரும். பின்பாரம் அதிகமானால் முனை கையில் மிதக்கிற மாதிரி இருக்கும். முன்பாரம் அதிகமானால் பின்னங்கை இறுக்கிப் பிடிக்கத் தொடங்கும், இறுக்கினால் ஸ்ட்ரோக் கெடும். எனது 17 அங்குலத்தில் நிற்கிறது. நீளத்துக்கு நுட்பம் ஒன்றும் பெரிதாக இல்லை. விதி சொல்வது மூன்று அடிக்குக் குறையக் கூடாது என்பது மட்டுமே. பெரும்பாலோருக்கு 57, 58 அங்குலம் சரியாக வரும். நெட்டையானவர்கள் கொஞ்சம் கூட்டிக்கொள்ளலாம்.

கைப்பிடி மரத்தையும் தண்டையும் சேர்க்கும் இணைப்பு, கைவேலை ஸ்ப்ளைஸா, இயந்திர ஸ்ப்ளைஸா என்று கேட்பார்கள். கருங்காலியும் ஆஷும் சந்திக்கும் இடத்தில் முனைகள் வளைந்து இறங்கினால் கைவேலை, பற்கள் போலக் கூராக இருந்தால் இயந்திர வேலை. கைவேலை பார்க்க அழகு, உழைப்பும் அதிகம், அதை மதிக்கிறேன். ஆனால் நல்ல தண்டு மாட்டிய இயந்திர ஸ்ப்ளைஸ் க்யூவை, சுமாரான தண்டுள்ள கைவேலை க்யூவுக்கு நான் மாற்றிக்கொள்ள மாட்டேன்.

ஜாயின்டில் மட்டும் கறாராக இருங்கள். இரண்டு பாகத்தையும் முறுக்கிய பிறகு பித்தளை வளையங்களுக்கு இடையே விரல்நகம் மாட்டக் கூடாது. தண்டைத் தளர்வாகப் பிடித்துக்கொண்டு கைப்பிடியின் அடியை உள்ளங்கையில் தட்டுங்கள். ஒரே அதிர்வாகக் கைக்கு வர வேண்டும். கிணுகிணுவென்று உள்ளே ஏதாவது ஆடினால் வேண்டாம். ஒரு தடவை திடீரென்று அந்தக் கிணுகிணுப்பு என் க்யூவில் கேட்டது. பதறிப்போய்த் திறந்து பார்த்தால், திருகில், டிப்பில் தடவும் சாக்கின் தூள் அடைத்துக் கிடந்தது. பழைய பல்துலக்கும் பிரஷால் துடைத்ததும் போய்விட்டது. இப்போது மாதம் ஒரு தடவை துடைக்கிறேன்.

இந்த ஒன்பது வருடத்தில் என் மனசு உடைந்தது ஒரே ஒரு தடவை, டிப் மாற்றக் கொடுத்தபோது. மாற்றியவர் புது டிப்பின் ஓரத்தைச் சமன்செய்கிறேன் என்று உப்புத்தாளைப் பூணின் (டிப்புக்கு அடியில் இருக்கும் வளையம்) மேலும், அதற்குப் பின்னால் மரத்தின் மேலும் ஓட்டிவிட்டார். பார்வைக்குப் பளபளவென்று இருந்தது. முதல் நாள் ஆட்டத்திலேயே நீண்ட பாட்களில், அதாவது தூரத்துப் பந்தைக் குழியில் போடும் ஷாட்களில், ஏதோ இடறியது. வெர்னியர் அளவியை வைத்துப் பார்த்தேன், 9.5 இருந்த இடத்தில் 9.2. மில்லிமீட்டரில் பத்தில் மூன்று பங்குதானே என்று தோன்றும். ஆனால் சைடு வைக்கும் ஷாட்டெல்லாம் பழைய குறியில் விழவில்லை. வருடக்கணக்கில் கை கற்றிருந்த கணக்கு தப்பிவிட்டது. போன மரம் திரும்பி வராது. க்யூ செய்யும் ஒருவரிடம் கொடுத்து, முனையை ஒரு அங்குலத்துக்கும் குறைவாக வெட்டி 9.5 பூண் மாட்டச் சொல்லிச் சரிசெய்தேன். வெட்டிய நீளத்தை அவர் கைப்பிடி முனையில் கூட்டிக் கொடுத்தார். மறுபடி பழக மூன்று மாதம் ஆனது.

அதிலிருந்து டிப்பை நானே மாற்றுகிறேன். பழையதை எடுத்துவிட்டுப் பூணின் தலையைச் சமதளத்தில் வைத்துச் சுத்தம்செய்து, பசை தடவி ஒட்டி, பிதுங்கும் ஓரத்தைக் கூர்மையான கத்தியால் சீவி, பூண் மேல் டேப் சுற்றிக்கொண்டுதான் உப்புத்தாளைத் தொடுவேன். மென்மைக்கும் நடுத்தரத்துக்கும் இடைப்பட்ட டிப் எனக்கு ஒத்துவருகிறது, ஸ்க்ரூ அடிக்கும்போது (வெள்ளை பின்னால் திரும்பி வரும்படி அதன் கீழ்ப்பக்கம் அடிக்கும்போது) வெள்ளையைப் பிடித்துக்கொள்கிறது. ரொம்ப மென்மையானது சீக்கிரம் காளான் மாதிரி விரிந்துவிடும். கடினமானதில் சாக் நிற்காமல் வழுக்கும். எந்த டிப்பாக இருந்தாலும் முதல் ஒரு வாரம் அதை வைத்துப் போட்டி ஆடாதீர்கள்.

பராமரிப்பு என்று பார்த்தால் ரொம்பக் கொஞ்சம்தான். ஆடி முடித்ததும் ஈரத்துணியை நன்றாகப் பிழிந்து ஒரு தடவை, உடனே காய்ந்த துணியால் ஒரு தடவை. வருடத்தில் இரண்டு மூன்று முறை ஆளி விதை எண்ணெயைத் துளித்துளியாகத் துணியில் தொட்டுத் தடவி, இரவெல்லாம் ஊறவிட்டுக் காலையில் சூடு பறக்கத் தேய்ப்பேன். சுவரில் சாய்த்து வைப்பதில்லை. மூடிய வண்டிக்குள் வெயிலில் விடுவதில்லை.

பயணத்தில் இதை எப்போதும் என்னோடுதான் வைத்துக்கொள்வேன், முடியாவிட்டால் கெட்டியான உறையில் போட்டு அனுப்புவேன். 1990-லிருந்து 1999 வரை ஏழு உலகப் பட்டங்களை வென்ற ஸ்டீபன் ஹென்ட்ரி ஆடியது ஒரு சாதாரண க்யூதான். 2003-ல் விமானப் பயணத்தில் அது உடைந்துபோனது. அந்தச் செய்தியை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வயிற்றைப் பிசையும்.

இப்போது என் க்யூவில் டிப்பிலிருந்து ஒரு சாண் தள்ளி ஒரு சின்னப் பள்ளம் இருக்கிறது, எட்டாத ஷாட்டுக்கு க்யூவைத் தாங்கும் ரெஸ்ட் மேல் விழுந்தபோது வந்தது. ஈரத்துணியும் சூடும் வைத்துப் பாதி மேலே கொண்டுவந்தேன், மீதி அப்படியே இருக்கிறது. பிரிட்ஜ் விரல்கள் உரசும் இடத்தில் ரேகைகளுக்குள் சாக்கும் வியர்வையும் இறங்கித் தண்டு கறுத்திருக்கிறது. உப்புத்தாள் போட்டு வெளுக்கவைக்கலாமே என்று போன வாரம் ஒரு தம்பி கேட்டான். உறைக்குள் இருந்த அளவியை எடுத்துப் பூணில் வைத்து, அவனையே படிக்கச் சொன்னேன். 9.5.