ஸ்டார் ஒட்டுவதா, அட்டையைத் தேர்ந்தெடுக்க விடுவதா?

தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளைப் பாடத்துக்குள் இழுக்க வகுப்பறையில் இரண்டு வழிகள் புழங்குகின்றன. சுவரில் பெயர்ப்பட்டியல் மாட்டி ஸ்டார் ஒட்டுவது ஒன்று. வேலையைப் பிள்ளையின் நிலைக்கேற்பப் பிரித்து, பயிற்சி எழுதிய இரண்டு அட்டையில் ஒன்றை அதுவே எடுக்க விடுவது இன்னொன்று. என் ஓட்டு இரண்டாவதற்கு.

ஸ்டார் மலிவு, தயாரிப்பு வேலை கிடையாது, முதல் வாரமே கைகள் உயரும். சிக்கல் நிறுத்தும்போதுதான். 1973இல் வெளியான ஸ்டான்ஃபோர்டு ஆய்வில், படம் வரைவதில் ஏற்கெனவே ஆசையுள்ள மழலையர் சிலரிடம் மட்டும் ‘வரைந்தால் சான்றிதழ்’ என்று முன்கூட்டியே சொன்னார்கள். ஓரிரு வாரம் கழித்துப் பார்த்தால், அவர்கள் வரைந்த நேரம் மற்றவர்கள் வரைந்ததில் பாதிதான். எதிர்பாராமல் சான்றிதழ் பெற்றவர்களுக்கு ஆசை குறையவில்லை. ஆக, பரிசைவிட முன்கூட்டிய பேரம்தான் கெடுக்கிறது. வகுப்பில் அதன் அறிகுறி, “இதுக்கு ஸ்டார் உண்டா மிஸ்?” என்ற கேள்வி. பட்டியலின் அடியில் இருக்கும் பிள்ளைகளோ சுவர்ப் பக்கமே திரும்புவதில்லை.

அட்டை வழியில் பத்துக் கணக்கு என்றால் ஏழெட்டு தெரிந்ததாகவும், இரண்டு மூன்று கொஞ்சம் இடறுவதாகவும் இருக்க வேண்டும். திருத்தமும் அதே பீரியடில் நடக்க வேண்டும். 52-இல் 27 போனால் 35 என்று ஒரு பிள்ளை எழுதினால் அது கவனக்குறைவு இல்லை; ஒவ்வொரு இடத்திலும் பெரியதிலிருந்து சின்னதைக் கழித்திருக்கிறது. சிவப்பு மையில் பெருக்கல் குறி போட்டால் இது புரியாது. ஐந்து பத்துக்கட்டுக் குச்சியும் இரண்டு உதிரியும் கொடுத்து 27 குச்சியை எடுக்கச் சொல்லுங்கள். ஒரு கட்டை அவிழ்க்காமல் முடியாது. அவிழ்த்து 27-ஐ எடுத்ததும் மிச்சம் 25 அதன் கையிலேயே இருக்கும். அடுத்த கணக்கைக் கேட்காமலே போட வைப்பது அந்த நொடிதான்.

இதிலும் சறுக்கல் உண்டு. நாலைந்து அட்டை பரப்பினால் பொறுக்குவதிலேயே நேரம் போய்விடும். சுலபமானதையே எடுக்கும் பிள்ளைக்கு, எதை முதலில் செய்வது என்ற வரிசையை மட்டும் அதன் விருப்பத்துக்கு விடுங்கள். தமிழ்நாட்டுத் தொடக்கப்பள்ளிகளுக்கான எண்ணும் எழுத்தும் திட்டத்தின் அரும்பு, மொட்டு, மலர் நிலைகள் பயிற்சிக்கானவை, “நீ இன்னும் அரும்புதானா?” என்று யாராவது சொல்லிவிட்டால் அவையும் சுவர்ப்பட்டியல்தான். நாற்பது பேர் வகுப்பில் அட்டை தொலையும், கிழியும். வாரம் ஒருமுறை எண்ணி அடுக்கும் வேலை ஆசிரியர் தலையில்தான் விழும்.

வாய்ப்பாடு ஒப்பிப்பது, கை கழுவுவது போன்ற சலிப்பான வேலைகளுக்குச் சில நாள் ஸ்டார் இருக்கட்டும். பொதுத்தேர்வு மிரட்டும் பத்தாம் வகுப்பில் அட்டை வழி இதே அளவு எடுபடும் என்று அடித்துச் சொல்லமாட்டேன்.

ஏற்கெனவே பட்டியல் மாட்டியிருந்தால் ஒரே நாளில் கிழிக்காதீர்கள். முதலில் பெயர்களை எடுத்துவிட்டு வகுப்புக்கே ஒரே கணக்காக்குங்கள். அப்புறம் எப்போது ஒட்டுவீர்கள் என்பதைச் சொல்லாதீர்கள். ஒட்டும்போது, “கடன் வாங்கினதை மறக்காம குறிச்சிருக்கே” என்று காரணத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஸ்டாரை நிறுத்தினாலும் அந்தப் பேச்சை நிறுத்த வேண்டியதில்லை.