பசையா, சவ்வா, ஒட்டா, முழு மாற்றா? கருவிழியில் ஓட்டை விழுந்தால்

பெரியம்மாவுக்கு இருபது வருஷமாக முடக்குவாதம். அது மூட்டோடு நிற்காமல், கண்ணின் முன்பக்கக் கண்ணாடிச் சுவரான கருவிழியின் (கார்னியா) ஓரத்தையும் அரித்துக் கரைக்கும் என்று எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. சிங்கப்பூரில், ஈசூன் வீட்டில் ஒரு காலை, "கண்ணுலேர்ந்து வெந்நீர் மாதிரி வழியுதுப்பா" என்றார். மருத்துவமனையில் ஆரஞ்சுச் சாயம் தொட்டு நீல வெளிச்சம் அடித்தார்கள். திரையில் நானும் பார்த்தேன். ஓரத்தில் ஒரு புள்ளியிலிருந்து, சாயத்தைக் கழுவிக்கொண்டு பளீரென்று ஒரு பச்சை ஓடை இறங்கியது. கண்ணுக்குள் இருக்க வேண்டிய நீர் அது. கருவிழியின் நடுப்பகுதியே அரை மில்லிமீட்டர் கனம்தான். இவருக்கு ஓரத்தில் அதுவும் போய், இரண்டு மில்லிமீட்டருக்கு ஓட்டை.

அண்ணன் அதற்குள் கைப்பேசியில் படித்துவிட்டு, டிமெக் செய்யலாமே, தையலே அதிகம் இல்லையாமே என்றார். அது கருவிழியின் உட்படலத்தை மட்டும் மாற்றுவது. சுவரே ஓட்டையாகக் கிடக்கும்போது உள்பூச்சை மாற்றி என்ன ஆகப்போகிறது?

ஓட்டையை அடைக்க உண்மையில் இருந்தவை நான்கு வழிகள். எளிதானது பசை. சூப்பர் குளூவின் உறவுக்கார சயனோஅக்ரிலேட்தான், ஆனால் மருத்துவத்துக்கென்றே செய்தது (வீட்டு டியூபைத் தேடாதீர்கள்). கண்ணை மரக்கவைத்து, இடத்தை ஒற்றி உலர்த்தி, ஒரு துளி வைத்தால் நொடியில் இறுகிவிடும். உறுத்தாமலிருக்க மேலே ஒரு கான்டாக்ட் லென்ஸ். தானக் கண்ணுக்குக் காத்திருக்க வேண்டாம். மூன்று மில்லிமீட்டருக்கு மேல் போனால் மட்டும் இது தாங்காது. அடியில் புண் ஆறி மேல்தோல் படர்ந்ததும் தானாக உதிர்ந்துவிடும்.

பனிக்குடச் சவ்வு இதைவிட இதமானது. சிசேரியன் பிரசவத்தில் தாய் சம்மதித்துத் தரும் நஞ்சுக்கொடியிலிருந்து எடுத்து, தொற்று சோதித்து, உறையவைத்திருப்பார்கள். பள்ளத்தில் அடுக்கடுக்காக வைத்துத் தைக்கிறார்கள். அழற்சி தணியும், ஆனால் பலம் போதாது, சில வாரங்களில் கரைந்தும்விடும்.

எங்கள் வீட்டில் வாக்குவாதம் நடந்தது மற்ற இரண்டைப் பற்றித்தான். முழுக் கருவிழியையும் வட்டமாக வெட்டியெடுத்து வேறொன்றைத் தைப்பது பழைய முறை. 1905இல் எட்வர்ட் சிர்ம் வெற்றிகரமாகச் செய்து காட்டியது. ஓட்டை பெரிதாக இருந்தாலோ, பூஞ்சைத் தொற்று நடுவரை பரவியிருந்தாலோ இதுதான் வழி. கான்டாக்ட் லென்ஸ் போடுகிறவர்களிடையே 2006 வாக்கில் இங்கே ஃபுசேரியம் பூஞ்சை பரவியது சிலருக்கு நினைவிருக்கும். அப்படிப்பட்ட தொற்றில் கெட்ட பகுதியை அடியோடு அகற்றியாக வேண்டும். அதே சமயம், புதுக் கருவிழியை உடல் நிராகரிக்காமலிருக்கத் தரும் ஸ்டீராய்டு பூஞ்சைக்குத் தீனியாகிவிடும். பூஞ்சை இல்லாவிட்டாலும், சிவந்து கொதிக்கும் கண்ணில் வைத்த கருவிழியை உடல் நிராகரிக்கும் வாய்ப்பு அதிகம். தலைமுடியைவிட மெல்லிய நைலான் தையல்கள் பல மாதம் இருக்கும், பார்வை தெளியவே ஒரு வருஷம் ஆகலாம்.

ஒட்டுத்துண்டு அப்படியில்லை. கிழிந்த சேலைக்குப் போடுவதைப்போல, ஓட்டையின் அளவுக்கு நறுக்கி அந்த இடத்தில் மட்டும் தைப்பார்கள். நடுவில் நல்ல கருவிழி தொடப்படாமல் இருக்கும். இதற்கு உயிருள்ள செல் தேவையில்லை என்பதுதான் எனக்கு வியப்பு. முழு மாற்றுக்குக் குளிரில் வைத்த கருவிழி இரண்டு வாரத்துக்குள் பயன்பட வேண்டும். ஒட்டுக்கோ கிளிசரினில் மாதக்கணக்கில் கிடந்ததே போதும். சிங்கப்பூரில் மனித உறுப்பு மாற்றுச் சட்டம் 1987இல் சிறுநீரகத்தோடு தொடங்கி, 2004இல் கருவிழியையும் சேர்த்துக்கொண்டது. வேண்டாமென்று எழுதித் தராதவர்கள் இறந்தால் எடுக்கலாம். அப்படியும் அவசரத்துக்குப் புதுக் கருவிழி கைக்கு வருமா என்பது அன்றைய நிலவரம். கிளிசரின் புட்டி அலமாரியிலேயே இருக்கும்.

பெரியப்பாவுக்கு ஒரே கவலை: "பார்வை எதுல நல்லா வரும்?" மருத்துவர் முதலில் ஓட்டையை அடைப்போம், அப்புறம் பார்வையைப் பேசலாம் என்றார். எனக்கும் அதுதான் சரியென்று பட்டது. நடுவில் ஓட்டை என்றால் நானும் வேறு மாதிரி யோசித்திருப்பேன்.

முதலில் பசை வைத்தார்கள். பதினோராம் நாள் லென்ஸோடு சேர்ந்து வந்துவிட்டது, மறுபடி அதே வெந்நீர். அப்புறம் ஒட்டுத்துண்டு. கூடவே வாதத்துக்கான மருந்தையும் ஏற்றினார்கள். உள்ளே அது அடங்காவிட்டால் எந்த ஒட்டும் கரையுமாம். இதை முதல் நாளே யாராவது உரக்கச் சொல்லியிருக்கலாம், நாங்கள் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

இப்போது ஓரத்தில் வெள்ளையாக ஒரு பிறை. தேக்காவில் காய்கறிக்காரர் பார்த்துவிட்டு, "என்னக்கா, கண்ணுல பூ விழுந்துருச்சா?" என்று கேட்டார்.

"பூ இல்லப்பா, ஒட்டு. முருங்கைக்காய் முத்தலா எடுக்காதே, எனக்குத் தெரியுது" என்றார் பெரியம்மா.