படத்தை மறைத்ததும் நின்றுபோன வாசிப்பு: ஃபோனிக்ஸ் வகுப்பில் ஏமாந்த கதை

ஐந்து வயது மகளை ஆறு மாத ஆன்லைன் ஃபோனிக்ஸ் (எழுத்துகளின் ஒலிகளைக் கூட்டி ஆங்கிலம் படிக்கும் முறை) வகுப்பில் சேர்த்து நன்றாக ஏமாந்திருக்கிறேன். வகுப்பின் பெயர் வேண்டாம். இதே கூத்து வேறு பெயர்களிலும் நடக்கும்.

சேரும்போது சொன்னது இது: குழந்தை எந்த ஆங்கிலப் புத்தகத்தையும் தானாகப் படிக்கும், கூடவே 220 சைட் வேர்ட்ஸ் (அடிக்கடி வரும், பார்த்ததுமே சொல்லிவிட வேண்டிய சொற்கள்) அத்துப்படி. முழுக் கட்டணத்தையும் முதலிலேயே வாங்கிக்கொண்டார்கள். விதிமுறைப் பக்கத்தைப் படிக்காமல் டிக் அடித்தது என் தப்பு.

நான்காம் மாதம் மகள் ஒரு கதைப் புத்தகத்தை மளமளவென்று வாசித்தாள். வீடியோ எடுத்து சொந்தக்காரர்களுக்கெல்லாம் அனுப்பினேன் (இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது). ஒருநாள் என் கை தற்செயலாகப் படத்தை மறைத்துவிட்டது. சட்டென்று நிறுத்திவிட்டாள். "கையை எடுங்கப்பா, படம் தெரியலைன்னா எப்படிப் படிக்கிறது?"

அதே பக்கத்தில் இருந்த 'ரன்' என்ற சொல்லை வெறும் தாளில் எழுதிக் கொடுத்தேன். "ரு... அ... னு..." என்று இழுத்தவள், "ருவனு-வாப்பா?" என்று கேட்டாள்.

அப்புறம்தான் வகுப்பின் வீடியோ பதிவுகளை உட்கார்ந்து பார்த்தேன். மிஸ் ஒவ்வொரு மெய்யொலிக்கும் வாலாக ஓர் உகரத்தை ஒட்டுகிறார்: பு, மு, ரு, னு. தமிழ் படித்தவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். க் வேறு, கு வேறு இல்லையா? புள்ளி வைத்த எழுத்தைப் போலச் சொன்னால்தான் ர், அ, ன் மூன்றும் கூடி 'ரன்' ஆகும். ஒலிகளைக் கூட்டிப் படிக்கும் பிளெண்டிங்குக்கு ஒரு வகுப்புகூட ஒதுக்கவில்லை. ஆங்கிலத்தில் ஒலிகள் ஏறத்தாழ 44. இவர்கள் 26 எழுத்துக்கு 26 ஒலி சொல்லிக் கணக்கை முடித்துவிட்டார்கள்.

அந்த 220 சொற்கள் எட்வர்ட் டால்ச் என்ற அமெரிக்கக் கல்வியாளர் 1936-ல் வெளியிட்ட பட்டியல். தேடினால் இலவசமாகவே கிடைக்கும். ரன், ஜம்ப், ஹெல்ப், ஸ்டாப் எல்லாம் அதில் உண்டு, ஒலி கூட்டியே படித்துவிடலாம். எஸ், ஏ, ஐ, டி என்று எழுதி 'செட்' என்கிறோமே, அந்த மாதிரி முரண்டு பிடிக்கும் சொற்களுக்குத்தான் மனப்பாடம். அதிலும் வம்பு நடு இரண்டு எழுத்தில்தான். இவர்களோ பட்டியல் முழுவதையும் ஃபிளாஷ் கார்டில் காட்டிக் காட்டி உருப்போட வைத்திருக்கிறார்கள்.

கேட்டதற்கு, "பாப்பாவுக்குக் கவனம் பத்தலை சார். லெவல் டூ சேருங்க, சரியாயிடும்" என்றார்கள். பணமா? சேர்ந்து இரண்டு வகுப்பு முடிந்துவிட்டால் திரும்ப வராதாம்.

இங்கிலாந்தில் 2012 முதல் ஐந்து, ஆறு வயதுப் பிள்ளைகளுக்கு ஒரு ஃபோனிக்ஸ் சோதனை நடக்கிறது. 40 சொற்களில் 20 பொருளே இல்லாதவை. உருப்போட்டது அங்கே உதவாது. நீங்களும் முதல் மாதமே எம், ஐ, பி என்று எழுதிக் காட்டிப் பாருங்கள். 'மிப்' என்று குழந்தை கூட்ட முயல்கிறதா, உங்கள் முகத்தைப் பார்க்கிறதா என்று தெரிந்துவிடும். பணத்தையும் மாதாமாதம் கட்டுங்கள்.

என் புகார் மெயிலுக்கு இன்னும் பதில் இல்லை. லெவல் டூ தள்ளுபடிச் செய்தி மட்டும் வாரம் தவறாமல் வருகிறது.