முன்னாள் மாணவர் நேர்காணல், ஆக்ஸ்ஃபோர்டு நேர்காணல்: எதற்கு எவ்வளவு எடை?

அமெரிக்கக் கல்லூரிக்கு விண்ணப்பித்த பிள்ளைக்கு, அங்கே படித்த முன்னாள் மாணவர் ஒருவர் பேச விரும்புவதாக மின்னஞ்சல் வந்தால் வீடே பரபரப்பாகிவிடுகிறது. உடனே பயிற்சி வகுப்புக்குப் பணம் கட்டுகிறார்கள். அது வீண் செலவு என்பது என் கருத்து.

ஆக்ஸ்ஃபோர்டில் நேர்காணலுக்கு உண்மையிலேயே எடை உண்டு. டிசம்பரில் கேள்வி கேட்பவர்கள் அங்கே பாடம் நடத்தும் ஆசிரியர்களே. முன்பின் பார்த்திராத ஒரு வரைபடத்தையோ கவிதையையோ கொடுத்து, யோசிப்பதை வாய்விட்டுச் சொல்லச் சொல்வார்கள். பதில் தப்பானாலும் பரவாயில்லை. ஒரு குறிப்பு கொடுத்ததும் மாணவர் எப்படித் திருத்திக்கொள்கிறார் என்று கவனிப்பார்கள். விண்ணப்பிக்கும் 20,000-க்கும் மேற்பட்டோரில் சுமார் 10,000 பேருக்குத்தான் அழைப்பு. இடங்களோ ஏறக்குறைய 3,300.

ஹார்வர்டில் பேச வருபவர் வேறெங்கோ வேலை பார்க்கும் தன்னார்வலர். காபிக் கடையிலோ ஜூமிலோ பேசிவிட்டு அறிக்கை எழுதி அனுப்புவார். முடிவெடுப்பது சேர்க்கைக் குழு. இந்த அறிக்கைக்கு என்ன மதிப்பு என்பது, ஆசிய அமெரிக்க மாணவர்களைப் பாகுபாடாக நடத்துவதாக ஹார்வர்டு மீது தொடரப்பட்ட வழக்கு 2018-இல் பாஸ்டன் நீதிமன்றத்தில் நடந்தபோது வெளியே வந்தது. ஆசிய அமெரிக்க மாணவர்களுக்கு, குணநலனுக்கான மதிப்பீட்டில் சேர்க்கை அலுவலகம் வெள்ளையரைவிடக் குறைவாகப் போட்டிருந்தது. நேரில் சந்தித்த முன்னாள் மாணவர்கள் போட்டதில் அவ்வளவு இடைவெளி இல்லை. முகம் பார்த்துப் பேசியவரின் சொல்லைவிட, பெரும்பாலும் காகிதத்தை மட்டுமே படித்தவரின் மதிப்பீடு மேலே நின்றிருக்கிறது. எனக்கு இது நியாயமாகப் படவில்லை.

மற்ற இடங்களில் இந்த வழக்கமே தேய்ந்துவருகிறது. கொலம்பியா பல்கலைக்கழகம் 2023-இல் நிறுத்திவிட்டது. பிரவுன், மாணவரே எடுத்து அனுப்பும் சின்ன வீடியோவுக்கு மாறிவிட்டது. கலிஃபோர்னியாவின் அரசுப் பல்கலைக்கழகங்களான பெர்க்லியிலும் யூசிஎல்ஏவிலும் இளநிலைப் படிப்புக்கு இப்படி ஒரு நேர்காணலே கிடையாது. ஜார்ஜ்டவுன் போன்ற சில இடங்கள் இன்னும் பிடிவாதமாக வைத்திருக்கின்றன.

சரி, அழைப்பு வந்தால் என்ன செய்வது? மறுக்காமல் போங்கள். மனப்பாடப் பேச்சு வேண்டாம். பள்ளி ஆய்வகத்தில் எது சொதப்பியது, அப்புறம் அதை எப்படிச் சரிசெய்தீர்கள் என்பதுபோல் மதிப்பெண் பட்டியலில் இல்லாத ஒன்றைச் சொல்லுங்கள். அறிக்கையில் எழுத அவருக்கு அதுதான் தேவை. அழைப்பே வராவிட்டாலும் கலங்க வேண்டாம். உங்கள் ஊரில் ஆள் கிடைக்காததும் காரணமாக இருக்கலாம், அதை ஹார்வர்டு குறையாக எடுத்துக்கொள்வதில்லை.